அசிட்டோன் ஆவி, 313 நானோமீட்டர்: குவாண்டம் விளைச்சல் ஒன்றா, பத்தில் ஒன்றா?

நந்தினி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முதுநிலை வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செயல்திட்டத்திற்காக அசிட்டோன் ஆவியின் ஒளிச்சிதைவை எடுத்துக்கொண்டேன். எளிய மூலக்கூறு, எளிய வினை என்று நம்பித்தான் எடுத்தேன். இப்போது முதல் பக்கத்திலேயே சிக்கிக்கொண்டு நிற்கிறேன்.

நூலகத்தில் இரண்டு நூல்களைப் பார்த்தேன். ஒன்று, 313 நானோமீட்டர் ஒளியில் கார்பன் மோனாக்சைடின் குவாண்டம் விளைச்சல் (உறிஞ்சிய ஒரு ஃபோட்டானுக்கு எத்தனை மூலக்கூறு கிடைக்கிறது என்ற கணக்கு) ஒன்று என்கிறது. இன்னொன்று, அதே அலைநீளத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் என்கிறது. முதல் நூலில் விளைபொருள் ஈத்தேனும் கார்பன் மோனாக்சைடும் மட்டுமே. இரண்டாவதில் பைஅசிட்டைல், மீத்தேன் என்று பட்டியல் நீள்கிறது. வழிகாட்டியிடம் கேட்டால், "ஏதோ ஒன்று அச்சுப்பிழை, எது என்று நீயே கண்டுபிடி" என்று சிரிக்கிறார். எதை நம்புவது?

குவார்ட்ஸ்குடுவை எழுதியது:

அச்சுப்பிழை எதுவும் இல்லையம்மா. இரண்டும் சரி. அட்டவணையின் அடிக்குறிப்பில் வெப்பநிலை என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒன்று என்று சொல்லும் நூலில் 120 டிகிரி செல்சியசுக்கு மேல் என்று இருக்கும். மற்றது அறை வெப்பநிலையில் எடுத்த அளவு. குவாண்டம் விளைச்சலை அலைநீளத்தை மட்டும் வைத்து ஒற்றை எண்ணாகச் சொல்வது திரவக் கரைசல்களில் ஓரளவு செல்லுபடியாகும். ஆவியில் செல்லாது. வெப்பநிலையும் அழுத்தமும் இல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

ஏன் என்பதற்கு ஃபோட்டான் விழும் கணத்திலிருந்து தொடங்க வேண்டும். அசிட்டோனின் அந்தப் பட்டை மிக வலுவற்றது. சுமார் 225 முதல் 330 நானோமீட்டர் வரை பரந்து கிடக்கும், உச்சி 280க்குச் சற்றுக் கீழே. ஆக்சிஜன் அணுவில் பிணைப்பில் சேராமல் இருக்கும் எலக்ட்ரான் ஒன்று, கார்பனைல் தொகுதியின் எதிர்ப்பிணைப்பு π மட்டத்திற்கு ஏறுகிறது. மூலக்கூறு இப்போது முதல் ஒற்றைக் கிளர்வு நிலையில் (எலக்ட்ரான் சுழற்சிகள் எதிரெதிராக இருக்கும் நிலை) இருக்கிறது. அங்கே அது தங்குவது சுமார் 2 நானோநொடி. ஒளிர்ந்துவிட்டுக் கீழே இறங்குவது ஆயிரத்தில் இரண்டு மூலக்கூறுகள்தான். மற்றவற்றில் மிகப் பெரும்பான்மை மும்மை நிலைக்கு (இரண்டு எலக்ட்ரான்களின் சுழற்சி ஒரே திசையில் இருக்கும் நிலை) தாவிவிடுகிறது. நிலைக்கு நிலை சுமார் 30 கிலோஜூல் இறக்கம். அந்த ஆற்றல் எங்கும் போவதில்லை, மூலக்கூறின் அதிர்வாக மாறி உள்ளேயே சுற்றுகிறது.

நாரிஷ் முதல் வகைப் பிளவு, அதாவது கார்பனைலுக்குப் பக்கத்துப் பிணைப்பு அறுந்து மெத்தில் ஒரு பக்கமும் அசிட்டைல் மறு பக்கமும் பிரிவது, இந்த அலைநீளத்தில் பெரும்பாலும் அந்த மும்மை நிலையிலிருந்துதான் நடக்கிறது. அங்கேதான் போட்டி. சூடாக இருக்கும் மூலக்கூறு அறுந்துபோகுமா, அதற்குள் பக்கத்து மூலக்கூறு மோதி அதன் சூட்டை ஆற்றிவிடுமா? அழுத்தம் 1 டார் (வளிமண்டல அழுத்தத்தில் 760இல் ஒரு பங்கு) என்றால் ஒரு மூலக்கூறுக்கு நொடிக்கு ஏறத்தாழ ஒரு கோடி மோதல்கள். வளிமண்டல அழுத்தத்தில் சுமார் ஆயிரம் கோடி. 2 நானோநொடியில் முதலாவதில் மோதலே நடக்காது. இரண்டாவதில் இருபது முறை இடிபட்டிருக்கும். ஒரே மூலக்கூறு, ஒரே ஃபோட்டான், ஆனால் வாழ்க்கை வேறு.

சந்தேகி எழுதியது:

கேட்க நன்றாக இருக்கிறது, கணக்குதான் உதைக்கிறது. அசிட்டோனின் கார்பன்–கார்பன் பிணைப்பு ஆற்றல் மோலுக்குச் சுமார் 353 கிலோஜூல். 313 நானோமீட்டர் ஃபோட்டானின் ஆற்றல் 382. பிணைப்பை அறுத்த பிறகும் 29 கிலோஜூல் கையில் மிச்சம். பணம் கையில் இருக்கும்போது கடன் வாங்க ஏன் போக வேண்டும்? 120 டிகிரிக்குச் சூடாக்கினால்தான் முழுதாக உடையும் என்றால், அது ஒளிச்சிதைவா, வெப்பச்சிதைவா?

குவார்ட்ஸ்குடுவை எழுதியது:

சந்தேகி, கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 353 என்பது தொடக்கத்திற்கும் முடிவிற்கும் உள்ள உயர வேறுபாடு. நடுவில் ஒரு மேடு இருக்கிறது. மும்மை நிலையின் அடித்தளம் தரை நிலையிலிருந்து சுமார் 330 கிலோஜூல் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பிளவுக்குப் போகும் வழியில் இன்னும் சுமார் 60 கிலோஜூல் ஏற வேண்டும். மொத்தம் 390 சொச்சம், அலைநீளமாகச் சொன்னால் 305 நானோமீட்டர் அருகில். மூலக்கூறுகளைத் தாரையாகப் பீய்ச்சிக் குளிரவைத்து, மோதலே இல்லாமல் சோதித்தவர்களுக்கும் வாசல் அங்கேதான் திறந்தது. 353 என்ற ஏட்டுக் கணக்கின்படி 339 நானோமீட்டரிலேயே திறந்திருக்க வேண்டும்.

ஆக 313இல் சுமார் 10 கிலோஜூல் குறைகிறது. அந்தக் குறையை மூலக்கூறு ஏற்கெனவே வைத்திருக்கும் வெப்பம் நிரப்பினால் உடையும், இல்லாவிட்டால் மோதலில் ஆறிப்போய் மும்மை நிலையின் அடித்தளத்தில் உட்கார்ந்துவிடும். அப்படி உட்கார்ந்தவை அறை வெப்பநிலையில் சுமார் 200 மைக்ரோநொடி வாழ்கின்றன. மூலக்கூறு உலகில் அது ஒரு யுகம்.

இப்போது ஒரு தோராயக் கணக்கு. வினை வேகம் வெப்பநிலையோடு எப்படி மாறும் என்று சொல்லும் அர்ரீனியஸ் சமன்பாட்டில் முன்காரணியை 10¹³ என்றும் மேட்டை 60 கிலோஜூல் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 25 டிகிரியில் பிளவு வேகம் நொடிக்குச் சுமார் 300. 200 மைக்ரோநொடி ஆயுள் என்றால் மற்ற வழிகளில் அழிவது நொடிக்கு 5,000. பிளவு தோற்றுவிடுகிறது. 125 டிகிரியில் அதே கணக்கு சுமார் 1,30,000 தருகிறது. மற்ற எல்லா வழிகளும் ஓரம் கட்டப்படுகின்றன. நந்தினியின் முதல் நூலில் உள்ள "ஒன்று" இங்கேதான் பிறக்கிறது.

ஒளியா வெப்பமா என்றால், 390இல் 382ஐ ஒளி கொடுத்திருக்கிறது. நான் ஒளிச்சிதைவு என்றுதான் சொல்வேன். ஒளியே இல்லாமல் 125 டிகிரியில் அசிட்டோனை எத்தனை நாள் வைத்திருந்தாலும் அது அசைந்துகொடுக்காது.

நந்தினி எழுதியது:

ஐயா, ஓர் ஐயம். மோதல் ஆற்றலைப் பறிக்கும் என்றீர்கள். 125 டிகிரியில் மோதல்தானே ஆற்றலைக் கொடுக்கிறது?

குவார்ட்ஸ்குடுவை எழுதியது:

ஆம். மோதலுக்கு ஒரே வேலைதான்: மூலக்கூறைச் சுற்றுப்புற வெப்பநிலைக்குக் கொண்டுவருவது. சூடாக இருப்பதை ஆற்றும், ஆறியிருப்பதை ஏற்றும். பல பாடநூல்களில் முதல் பாதி மட்டும்தான் இருக்கும். அதனால்தான் "அழுத்தம் கூடினால் விளைச்சல் குறையும்" என்று மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். 125 டிகிரியில் அந்த வாக்கியம் பொய்.

எஞ்சின்காரன் எழுதியது:

ஆயிரத்தில் இரண்டு மூலக்கூறுதான் ஒளிரும் என்று குவார்ட்ஸ்குடுவை ஐயா ஒதுக்கிவிட்டார். என் பிழைப்பே அந்த இரண்டில்தான் ஓடுகிறது.

காற்றோட்டத்தில் எரிபொருள் எங்கே எவ்வளவு கலந்திருக்கிறது என்று படம் எடுக்க, அதில் அசிட்டோன் ஆவியைக் கலந்து, புற ஊதா லேசரைத் தகடு போல விரித்து அடிப்போம். 350 முதல் 550 நானோமீட்டர் வரை நீல ஒளிர்வு வரும், அதைப் படம் பிடிப்போம். 1992இல் ஸ்டான்ஃபோர்டில் லொசானோ, யிப், ஹான்சன் மூவரும் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு இது உலகெங்கும் பரவியது. எஞ்சினுக்குள் ஐசோஆக்டேனுடன் சேர்ந்து ஆவியாக வேண்டும் என்றால் 3-பென்டனோன் பொருத்தம், கொதிநிலை நெருங்கி வரும்.

இந்த இழைக்குத் தொடர்பான செய்தி ஒன்று உண்டு. 266 அல்லது 248 நானோமீட்டரில் அடித்தால், அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட ஒவ்வொரு மூலக்கூறின் ஒளிர்வும் சற்று ஏறுகிறது. வாயுக்களில் அழுத்தம் கூடினால் ஒளிர்வு மங்கும் என்றுதான் முதலில் கற்கிறோம். இங்கே தலைகீழ். காரணம் மேலே சொன்னதுதான்: அதிர்வு ஆற்றல் மிகுந்த ஒற்றை நிலை மும்மைக்கு வேகமாகத் தாவும், ஆறிய ஒற்றை நிலை மெதுவாகத் தாவும். மோதல் அதை ஆற்றிவிட்டால் ஒளிர்வதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கிறது.

சந்தேகி எழுதியது:

எல் சையத் விதியின்படி ஒரே வகைக் கிளர்வு கொண்ட ஒற்றை நிலைக்கும் மும்மை நிலைக்கும் இடையே தாவல் கடினம். அசிட்டோனில் இரண்டும் n→π* வகைதான் (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் எதிர்ப்பிணைப்பு π மட்டத்திற்கு ஏறுவது). பிறகு எப்படி இத்தனை மூலக்கூறுகள் தாவுகின்றன?

குவார்ட்ஸ்குடுவை எழுதியது:

கடினம்தான், அதனால்தான் 2 நானோநொடி ஆகிறது. பென்சோபீனோன் என்ற இன்னொரு கீட்டோனில் பக்கத்திலேயே வேறு வகையான π→π* மும்மை நிலை ஒன்று கைகொடுப்பதால் பத்து பிக்கோநொடி அளவில் முடிந்துவிடும். அசிட்டோன் அதைவிட இருநூறு மடங்கு மெதுவு. ஆனாலும் வெல்கிறது. ஏனென்றால் எதிரில் நிற்கும் ஒளிர்வு அதைவிடச் சோம்பேறி: ஒளிர்வு மட்டுமே ஒரே வழியாக இருந்தால் ஆயுள் ஒரு மைக்ரோநொடி அளவுக்குப் போயிருக்கும். 2 நானோநொடியை 0.002ஆல் வகுத்துப் பாருங்கள்.

முல்லைக்கொடி எழுதியது:

வேதியியல் எனக்குத் தெரியாது, படித்துக்கொண்டே வந்தேன். நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் இருப்பதும் இந்த அசிட்டோன்தானே? சன்னலோரம் திறந்து வைத்தால் வெயிலில் இதெல்லாம் நடக்குமா?

மேகநாதன் எழுதியது:

அதே அசிட்டோன்தான், முல்லைக்கொடி. சன்னல் கண்ணாடிக்குள் அநேகமாக எதுவும் நடக்காது, சாதாரணக் கண்ணாடி அந்தப் புற ஊதாவைத் தடுத்துவிடும். வெளியே போன ஆவியில் மெல்ல நடக்கும். தரைக்கு வந்துசேரும் வெயிலில் 295 நானோமீட்டருக்குக் கீழே ஏதும் மிஞ்சுவதில்லை, ஓசோன் வடிகட்டிவிடுகிறது. அசிட்டோனுக்குக் கிடைப்பது 295 முதல் 330 வரையிலான வால்பகுதி மட்டும். அதனால் காற்றில் அது வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும்.

நான் இந்த இழைக்கு வந்தது வேறு காரணத்திற்காக. மேலே 305 என்ற எண்ணைப் பார்த்ததும் உட்கார முடியவில்லை. வளிமண்டல வேதியியலில் அந்த எண் ஒரு பெரிய திருத்தத்தையே உண்டாக்கியது.

1990களில் விமானத்தில் பறந்து அளந்தவர்கள், அடிவளிமண்டலத்தின் மேற்பகுதியிலும் அசிட்டோன் கணிசமாக இருப்பதைக் கண்டார்கள். சிங்கும் குழுவினரும் 1995இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அந்த உயரத்தில் நீராவி மிகக் குறைவு. கீழே ஓசோனும் நீராவியும் சேர்ந்து ஹைட்ராக்சில் தனி உறுப்புகளை (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட, எளிதில் வினைபுரியும் துண்டுகளை) உண்டாக்குவது போல அங்கே நடக்காது. எனவே அசிட்டோன் உடைந்து தரும் தனி உறுப்புகள்தாம் அங்கே முக்கிய ஊற்று என்ற கருத்து வலுப்பெற்றது. அசிட்டைல் ஆக்சிஜனோடு சேர்ந்து, பிறகு நைட்ரஜன் டை ஆக்சைடோடு சேர்ந்தால், பெராக்சிஅசிட்டைல் நைட்ரேட் என்ற சேமிப்புப் பெட்டகம் வேறு உருவாகிறது. அது குளிரில் உடையாமல் நைட்ரஜன் ஆக்சைடுகளை நெடுந்தூரம் சுமந்து செல்லும்.

வளிமண்டலக் கணினி மாதிரிகளில் போட்ட குவாண்டம் விளைச்சல் பெரும்பாலும் அறை வெப்பநிலையில் அளந்தது. அங்கே மேலே வெப்பநிலை 220 கெல்வின் (சுழிக்குக் கீழே சுமார் 53 டிகிரி செல்சியஸ்) அளவு! 2004இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் பிளிட்ஸ், ஹெர்ட், பில்லிங் உள்ளிட்ட குழுவினர் 279 முதல் 327.5 நானோமீட்டர் வரை, வெப்பநிலையையும் அழுத்தத்தையும் மாற்றி மாற்றி அளந்தார்கள். 300க்கு மேற்பட்ட அலைநீளங்களில் குளிரக் குளிர விளைச்சல் சரிந்தது. வெயில் கிடைப்பதோ அந்த அலைநீளங்களில்தான். மேல் அடுக்கில் அசிட்டோன் உடையும் வேகம் பல மடங்கு மிகையாக மதிப்பிடப்பட்டிருந்தது என்று தெரிந்தது.

அவர்கள் அளந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அசிட்டைலை நேராகப் பிடிப்பது தொல்லை. குறைந்த அழுத்தத்தில் அசிட்டைல் ஆக்சிஜனோடு மோதும்போது ஹைட்ராக்சில் வெளிவருகிறது. ஹைட்ராக்சிலை லேசரால் ஒளிரவைத்து எண்ணுவது பழகிய வேலை. ஆக ஹைட்ராக்சிலை எண்ணினால் அசிட்டைலை எண்ணியதாகிவிடும்.

குவார்ட்ஸ்குடுவை ஐயாவின் தோராயக் கணக்கை 220 கெல்வினுக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறிய மும்மை நிலை நொடிக்கு 0.06 என்ற வேகத்தில் உடையும். உடையவே உடையாது என்று பொருள். காற்றில் ஆக்சிஜன் வேறு அதைப் பிடித்துத் தணித்துவிடும். அந்த உயரத்தில் உடைபவை ஆறுவதற்கு முன்பே உடைபவை மட்டும்.

சந்தேகி எழுதியது:

ஆக்சிஜன் என்றதும் நினைவு வருகிறது. நந்தினி, உங்கள் குடுவையில் ஆக்சிஜன் துளி இருந்தாலும் போயிற்று. மும்மையைத் தணிக்கும், தனி உறுப்புகளையும் விழுங்கும். இரட்டைத் திருடன். காற்றை எப்படி வெளியேற்றப் போகிறீர்கள்?

நந்தினி எழுதியது:

திரவ நைட்ரஜனில் உறையவைத்து, பம்பு வைத்து இழுத்து, உருகவிட்டு, மறுபடி உறையவைப்பது. எங்கள் ஆய்வகத்தில் வெற்றிட இணைப்பு இருக்கிறது. ஆனால் ஆக்சிஜன் முழுதாகப் போய்விட்டதா என்று எப்படி உறுதி செய்வது?

குவார்ட்ஸ்குடுவை எழுதியது:

கண்ணால் பார்த்தே சொல்லலாம். அறையை இருட்டாக்கிவிட்டு, புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அணிந்துகொண்டு, ஒளிக்கற்றைக்குச் செங்குத்துத் திசையிலிருந்து குடுவையைப் பாருங்கள். விளக்கைப் போட்ட புதிதில் கற்றை போகும் தடத்தில் மங்கலான நீலம் தெரியும், அசிட்டோனின் சொந்த ஒளிர்வு. நேரம் ஆக ஆகத் தடம் பச்சையாகும். அசிட்டைல்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து பைஅசிட்டைல் உருவாகிறது, அசிட்டோனின் மும்மை நிலை தன் ஆற்றலை அதற்குக் கைமாற்றுகிறது, அது 512 நானோமீட்டர் அருகில் பச்சையாக நின்றொளிர்கிறது. அதன் ஆயுள் மில்லிநொடிக் கணக்கு. அவ்வளவு நேரம் காத்திருக்கும் மூலக்கூறை ஆக்சிஜன் சும்மா விடுமா? துளி கசிந்தாலும் பச்சை அணைந்து நீலம் மட்டும் மிஞ்சும். 2 நானோநொடி மட்டுமே வாழும் ஒற்றை நிலையை அந்தத் துளியால் தொட முடியாது. பச்சை தங்கினால் உங்கள் இணைப்பில் கசிவு இல்லை.

இந்தப் பச்சையை 1930களில் பலர் அசிட்டோனின் ஒளிர்வு என்றே நினைத்தார்கள். 1938இல் மேதசனும் நாய்சும் அது பைஅசிட்டைலுடையது என்று காட்டினார்கள். நாய்சு அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் இந்த மூலக்கூறையே விடாமல் துரத்தியவர்.

நந்தினி எழுதியது:

அப்படியானால் என் இரண்டாவது நூலில் பைஅசிட்டைல் இருப்பதற்கும், முதல் நூலில் இல்லாததற்கும் காரணமும் வெப்பநிலைதானா?

குவார்ட்ஸ்குடுவை எழுதியது:

அதேதான். அசிட்டைல் தானாக மெத்திலாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் உடைய இன்னொரு மேடு ஏற வேண்டும், சுமார் 70 கிலோஜூல். அறை வெப்பநிலையில் ஏறுவது அரிது, அதனால் வேறு தனி உறுப்பைத் தேடிப் போய்ச் சேர்ந்துகொள்ளும். 120 டிகிரிக்கு மேல் உடைந்துவிடும், மிஞ்சுவது மெத்தில் மட்டும். மெத்தில்கள் சேர்ந்தால் ஈத்தேன். அசிட்டோனிடமிருந்து ஹைட்ரஜனைப் பறித்தால் மீத்தேன். பறிப்பதற்கு சுமார் 40 கிலோஜூல் வேண்டும், ஆகவே வெப்பநிலை ஏற ஏற மீத்தேனின் பங்கு கூடும். முதல் நூல் மீத்தேனைச் சொல்லாமல் விட்டது சோம்பல்.

அலைநீளத்தைக் குறைத்தாலும் அசிட்டைல் உடையும். 193 நானோமீட்டரில் ஃபோட்டான் ஆற்றல் 620 கிலோஜூல், இரண்டு மெத்தில்களும் போய்விடும். இரண்டும் ஒரே நேரத்தில் போகின்றனவா, ஒன்றன்பின் ஒன்றா என்பது நெடுநாள் வழக்கு. 1995இல் செவைல் குழு ஃபெம்டோநொடி லேசரால் தீர்ப்பு எழுதியது: முதல் மெத்தில் உடனே, அசிட்டைல் சுமார் 500 ஃபெம்டோநொடி இருந்துவிட்டுப் பிறகு.

எஞ்சின்காரன் எழுதியது:

2-பென்டனோனை எடுத்திருந்தால் இன்னும் தலைவலி. அங்கே தனி உறுப்பே இல்லாமல், நீளச் சங்கிலியின் கடைசி ஹைட்ரஜனை ஆக்சிஜன் வளைந்து பிடித்து, எத்திலீனும் அசிட்டோனின் ஈனால் வடிவமுமாகப் பிரிந்துவிடும். நாரிஷ் இரண்டாம் வகை. நந்தினி நல்ல மூலக்கூறாகத்தான் எடுத்திருக்கிறார்.

நந்தினி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக இரண்டு. பாதரச விளக்கில் 313ஐ மட்டும் எப்படிப் பிரிப்பது? எத்தனை ஃபோட்டான் உறிஞ்சப்பட்டது என்று எப்படி அளப்பது? ஒளியில் மாறும் இரும்பு உப்பை வைத்து ஃபோட்டான்களை எண்ணும் ஃபெர்ரிஆக்சலேட் முறை தெரியும், ஆனால் அது கரைசல். ஆவிக் குடுவையோடு அதை ஒப்பிடுவது சரியாக வருமா என்று அச்சமாக இருக்கிறது.

குவார்ட்ஸ்குடுவை எழுதியது:

பிரிப்பதற்கு: பொட்டாசியம் குரோமேட்டைச் சோடியம் கார்பனேட்டுக் கரைசலில் மிக நீர்த்ததாகக் கரைத்து, குவார்ட்ஸ் சாளரம் கொண்ட கலத்தில் ஊற்றி விளக்கின் முன் வையுங்கள். 313 கோடு கடந்து வரும், 254ம் 365ம் மடியும். 365ஐ அசிட்டோன் தொடாதே, பிறகு எதற்கு அதை மறைப்பது என்று விட்டுவிடாதீர்கள். சேர்ந்துகொண்டே வரும் பைஅசிட்டைல் அதைத் தொடும். அதே காரணத்திற்காக அசிட்டோனில் நூற்றில் ஒரு பங்குகூடச் சிதையாத அளவில் விளக்கை அணைத்துவிடுங்கள்.

எண்ணுவதற்குக் கரைசலே வேண்டாம். அதே குடுவையை 130 டிகிரி அடுப்பில் வைத்து, குறித்த நேரம் ஒளி பாய்ச்சி, வந்த கார்பன் மோனாக்சைடை அளந்துகொள்ளுங்கள். அங்கே விளைச்சல் ஒன்று, ஆகவே கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளின் எண்ணிக்கைதான் உறிஞ்சப்பட்ட ஃபோட்டான்களின் எண்ணிக்கை. பிறகு அடுப்பை அணைத்து, அறை வெப்பநிலையில் அதே மூலக்கூறு அடர்த்தியோடு மறுபடி செய்யுங்கள். குடுவை, விளக்கு, சாளரம், தூரம் எதுவும் மாறவில்லை என்பதால் பாதிப் பிழைகள் தாமாகவே கழிந்துவிடும். உறிஞ்சும் திறன் மட்டும் வெப்பநிலையோடு சற்று மாறும், அதைக் குடுவைக்குப் பின்னால் ஓர் ஒளிமின் உணரி வைத்து இரண்டு முறையும் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

விளைபொருளைத் திரவ நைட்ரஜன் வெப்பநிலையில் உறையவைத்தால் கார்பன் மோனாக்சைடும் மீத்தேனும் மட்டும் வாயுவாக மிஞ்சும். சூடான காப்பர் ஆக்சைடின் மேல் செலுத்தினால் கார்பன் மோனாக்சைடு டை ஆக்சைடாகி உறைந்துவிடும், மீதம் மீத்தேன். உங்கள் துறையில் வாயு நிறவரைவி இருந்தால் இந்தப் பழைய பாடு எதற்கு, நேராக ஊசி போட்டுவிடுங்கள். அடுப்புக்கு முன்னால் குடுவையின் இணைப்புகளில் சாதாரண வெற்றிடப் பசை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் துடைத்துவிட்டு மாற்றுங்கள், அது அசிட்டோனை உறிஞ்சிவைத்துக்கொண்டு பிறகு மெல்ல மெல்ல விடும்.